பிளேயர் பியானோவுக்கு உதிரிபாகம்: தரம் பார்த்து வாங்குவது எப்படி?

காகிதச் சுருளில் உள்ள துளைகளைப் படித்துத் தானாகவே வாசிக்கும் பிளேயர் பியானோவை வாங்குவதில் இன்று பெரிய செலவு இல்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் "வண்டி வைத்து எடுத்துப் போனால் போதும்" என்று சும்மாவே கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் திரும்பவும் வாசிக்க வைப்பதில்தான் பணமும் மாதக்கணக்கான உழைப்பும் போகும். அந்த உழைப்பு ஐந்து வருஷத்தில் பாழாகுமா, முப்பது வருஷம் தாங்குமா என்பது உங்கள் கைத்திறனைப் போலவே நீங்கள் வாங்கும் துணி, தோல், ரப்பர் குழாய் ஆகியவற்றின் தரத்தையும் பொறுத்தது. கைவேலை சுமாராக இருந்தால் திருத்திக்கொள்ளலாம். மட்டமான துணியை, சுரத்துக்கு ஒன்றாக உள்ள 88 சிறு துருத்திகளுக்கும் ஒட்டி முடித்த பிறகு திருத்த வழியில்லை, எல்லாவற்றையும் உரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தரத்தை வாங்குகிறவரே சோதித்துப் பார்க்க வேண்டியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. டெட்ராய்டில் எட்வின் வோட்டி 1895-ல் பியானோலா என்ற தானாக வாசிக்கும் கருவியை உருவாக்கினார். அடுத்த முப்பது வருஷத்துக்குள் இந்தத் தொழில் மளமளவென்று வளர்ந்தது. 1923 வாக்கில் அமெரிக்காவில் தயாரான பியானோக்களில் பாதிக்கு மேல் பிளேயர் பியானோக்கள். அப்புறம் ரேடியோ வந்தது, 1929-ல் பங்குச்சந்தை சரிந்தது, இந்த இயங்கு பாகங்களைச் செய்த ஸ்டாண்டர்ட், ஆம்ஃபியான், சிம்ப்ளெக்ஸ் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அசல் உதிரிபாகம் தர இப்போது யாரும் இல்லை. சிறு வியாபாரிகள் வேறு தேவைக்குத் தயாராகும் துணியையும் தோலையும் வாங்கி, வெட்டி விற்கிறார்கள். அவர்களில் அருமையான சரக்கு வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் தரமுத்திரை என்று எதுவும் கிடையாது.

முதலில், காற்று எப்படி ஓடுகிறது?

நம் ஆர்மோனியத்தின் துருத்தி காற்றை நாக்குகளின் வழியாகத் தள்ளும். பிளேயர் பியானோவில் இது நேர்மாறு. கால் மிதிகளை மிதிக்க மிதிக்க உள்ளே இருக்கும் காற்று உறிஞ்சப்பட்டு வெளியேறுகிறது. எல்லா வேலையும் அந்த உறிஞ்சலால்தான் நடக்கிறது.

காகிதச் சுருள், டிராக்கர் பார் என்ற துளையிட்ட பித்தளைச் சட்டத்தின் மேல் நகர்ந்து போகும். காகிதத் துளை சட்டத்தின் துளைக்கு நேராக வந்ததும் வெளிக்காற்று உள்ளே புகுந்து, மெல்லிய ரப்பர் குழாய் வழியாகப் போய், பவுச் என்ற வட்டமான மெல்லிய தோலுக்கு அடியில் சேரும். பவுச்சுக்கு மேலே உறிஞ்சல், கீழே வெளிக்காற்று. அதனால் பவுச் மேலே எழும்பி வால்வைத் தூக்கும். வால்வு திறந்ததும் அந்தச் சுரத்துக்கான சிறு துருத்தியிலிருந்து காற்று உறிஞ்சப்பட்டு, துருத்தி மடங்கி, சுத்தியல் கம்பியில் அடிக்கும். காகிதத் துளை கடந்து போனதும் பவுச்சுக்கு அடியில் சிக்கிய காற்று பிளீட் என்ற நுண்துளை வழியாக வெளியேறும், பவுச் கீழே இறங்கும், சுரம் நிற்கும். பிளீட் துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோதான்.

ஒரு பாகத்தைக் கையில் எடுத்தால் அதை 88-ஆல் பெருக்கிப் பார்க்கப் பழகுங்கள். ஒரு வால்வில் அரை மில்லிமீட்டர் ஊசித்துளை அளவுக்குக் கசிவு என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் பார்த்தால் அது பெரிதாகத் தெரியாது. 88 வால்வுகளிலும் அதே கசிவு இருந்தால், கிட்டத்தட்ட 4.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓட்டை ஒன்றை எந்நேரமும் திறந்து வைத்ததற்குச் சமம். பியானோ வாசிக்காமல் சும்மா நிற்கும்போதும் அந்த ஓட்டை உங்கள் உழைப்பைத் தின்றுகொண்டே இருக்கும். "ரொம்ப மிதிக்க வேண்டியிருக்கிறது" என்ற குறைக்கு அநேகமாக இப்படிச் சேர்ந்த சின்னச் சின்னக் கசிவுகள்தான் காரணம்.

பழையதைக் கழற்றும்போதே தரம் பார்க்கும் வேலை தொடங்கிவிடுகிறது

உதிரிபாகம் ஆர்டர் செய்வதற்கு முன், உங்கள் பியானோவில் இருக்கும் அசல் பாகங்களை அளந்து எழுதி வையுங்கள். புதுசு வந்தால் எதோடு ஒப்பிடுவது? அந்தப் பழைய துண்டோடுதான். ஒவ்வொரு வகையிலும் ஒரு மாதிரியை உறையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று மேலே எழுதுங்கள். துருத்தித் துணியில் மடிப்பு விழாத ஓரம், பவுச்சில் ஒட்டியிருந்த விளிம்பு, குழாயில் கொஞ்சம் நீளம், கேஸ்கட்டில் ஒரு துண்டு என்று இருந்தால் போதும்.

ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கழற்றுவது தொழிற்சாலையில் போட்டதுதானா, இடையில் யாரோ மாற்றியதா? பழுதுபார்த்தவர்களின் கை பட்ட பியானோக்கள் நிறைய உண்டு. பசை வெள்ளையாக, பிளாஸ்டிக் படலமாக உரிந்து வந்தால் அது பிற்காலத்து வேலை. அந்தத் துணியின் தடிமனை அளவுகோலாக எடுக்காதீர்கள். எங்காவது கை படாத ஒரு மூலையில் அசல் துண்டு மிச்சமிருக்கும், தேடிப் பாருங்கள்.

பழைய ஈயக் குழாய்கள் உள்ள பியானோ என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஈயம் அரித்து வெள்ளைத் தூளாக உதிர்ந்திருக்கும், அது நஞ்சு. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். பழைய பாகம் எதையும் வாய் வைத்து ஊதவோ உறிஞ்சவோ கூடாது. அந்தக் காலத்து மெக்கானிக்குகள் அப்படித்தான் சோதிப்பார்கள் என்று யாராவது சொன்னாலும் நீங்கள் செய்ய வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு சோதனைக் கட்டை

தடிமன் அளக்க ஒரு மைக்ரோமீட்டர் வாங்குங்கள். தோலையும் துணியையும் அளக்கும்போது அழுத்தித் திருகினால் பொய்யான அளவு வரும். தாடை மெதுவாகத் தொட்டதுமே நிறுத்திவிடுங்கள்.

உறிஞ்சல் அளக்கத் தண்ணீர்மானி ஒன்றை நீங்களே செய்துவிடலாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைப் பலகையில் ஆங்கில 'யு' எழுத்து வடிவில் பொருத்தி, பாதி உயரம் வரை மை கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும், மறு முனையில் உறிஞ்சல். இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அளவு. இந்தத் துறையில் இதை அங்குலக் கணக்கில் சொல்வார்கள். மென்மையாக வாசிக்கும்போது ஐந்தாறு அங்குலம் இருக்கும், ஓங்கி மிதித்தால் முப்பதைத் தாண்டும்.

அடுத்து ஒரு சின்ன மரக்கட்டை. உங்கள் பியானோவின் பவுச் குழி எவ்வளவு விட்டமோ அதே விட்டத்தில் கட்டையில் ஆழமில்லாத குழி வெட்டி, குழியின் அடியில் துளையிட்டு, ஒரு பித்தளை நிப்பிள், அதாவது குழாய் செருகும் சிறு முனை, பொருத்துங்கள். கட்டைக்கு ஷெல்லாக் அடித்து மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடுங்கள். நிப்பிளிலிருந்து வரும் குழாயை மும்முனை இணைப்பில் செருகி, ஒரு கிளையைத் தண்ணீர்மானிக்கும் மறு கிளையைப் பெரிய ஊசிக்குழலுக்கும், அதாவது மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சுக்கும், கொடுங்கள்.

சோதிக்க வேண்டிய தோலையோ துணியையோ குழியின் மேல் வச்சிரம் என்ற விலங்குப் பசையால் ஒட்டிக் காயவிடுங்கள். பிறகு சிரிஞ்சை இழுத்து நீர்மட்ட வித்தியாசத்தை 20 அங்குலத்துக்குக் கொண்டுவந்து, பிடியை அப்படியே நிறுத்தி, அது 10 அங்குலத்துக்கு இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். இது ஒப்பீட்டு அளவுதான், உலகப் பொதுவான எண் எதுவும் இதில் கிடைக்காது. ஆனால் மூன்று கடைத் தோலை இதே கட்டையில் அடுத்தடுத்து ஒட்டிப் பார்த்தால் எது தேவலை என்பதில் சந்தேகமே வராது. முதலில் ரப்பர் தாள் ஒன்றை ஒட்டி, கட்டையிலேயே கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பசை வெந்நீரில் இளகிவிடும் என்பதால் அதே கட்டையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

துருத்தித் துணி

இரண்டு பருத்தித் துணிகளுக்கு நடுவே மெல்லிய ரப்பர் படலம், இதுதான் நல்ல துருத்தித் துணியின் அமைப்பு. ரப்பர் நடுவில் இருப்பதால் இரண்டு பக்கமும் துணியாகவே இருக்கும், பசை நன்றாகப் பிடிக்கும். சிறு துருத்திகளுக்கான துணி பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தடிமன். மிதிகளோடு சேர்ந்த பெரிய துருத்திகளுக்குத் தடித்த துணி வேண்டும். காகிதச் சுருளைச் சுற்றும் காற்று மோட்டாருக்கு மறுபடியும் மெல்லியது. புதியவர்கள் "தடிமனாக இருந்தால் உழைக்கும்" என்று நினைத்து ஒரே துணியை எல்லாவற்றுக்கும் வாங்கிவிடுவார்கள். சிறு துருத்தியில் தடித்த துணி போட்டால் மடங்குவதற்கே பாதி சக்தி செலவாகிவிடும். மென்மையான இசைப்பகுதிகளில் சுரங்கள் விழாமலே போகும்.

மாதிரித் துண்டு வந்ததும் முதல் வேலையாக அதை மடித்து, நகத்தால் மடிப்பை நன்றாக அழுத்துங்கள். விரித்து, அதே மடிப்பை எதிர்த்திசையில் அழுத்துங்கள். இப்படிப் பலமுறை செய்த பிறகு இருட்டறையில் துணிக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். மடிப்புக் கோட்டில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் ரப்பர் உடைந்துவிட்டது, அந்தச் சரக்கு வேண்டாம். துருத்தித் துணி தன் ஆயுள் முழுக்கச் செய்யப்போகும் வேலை மடிவதும் விரிவதும்தான்.

அடுத்து, ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்து, இரண்டு அடுக்குகளையும் விரலால் பிரிக்க முயலுங்கள். நல்ல துணி பிரியாது. தோலுரிப்பதுபோல் எளிதாகப் பிரிந்தால் நாளைக்குத் துருத்தியிலும் பிரியும். முகர்ந்தும் பாருங்கள். புதிய ரப்பரின் வாசனை இருந்தால் பரவாயில்லை. பிசுபிசுப்பும், உருட்டினால் தூளாக உதிர்வதும் பழைய சரக்கின் அடையாளம். ரப்பர் அலமாரியில் இருந்தாலும் கிழடாகும். "பிரிக்கப்படாத பழைய ஸ்டாக், அசல் சரக்கு" என்று பெருமையாக விற்கப்படும் துணிகளை நான் தொடுவதில்லை. ஐம்பது வருஷம் சுருட்டி வைத்திருந்த துணி ஐம்பது வருஷம் ஓடிய துணியைப் போலவேதான்.

செயற்கைத் துணிகள் பற்றி ஒரு எச்சரிக்கை. பாலியூரித்தேன் பூசிய நைலான், புதிதாக இருக்கும்போது எல்லாச் சோதனையிலும் முதல் மதிப்பெண் வாங்கும்: கசியாது, மெல்லியது, வளைந்து கொடுக்கும். ஆனால் சில வகைப் பாலியூரித்தேன் பூச்சுகள் காற்றின் ஈரத்தாலேயே நாளடைவில் சிதைந்து, முதலில் பிசுபிசுத்து, பிறகு துணியை விட்டுக் கழன்றுவிடும். மரத்தில் பசையும் சரியாகப் பிடிக்காது. வியாபாரி எவ்வளவு சொன்னாலும் நூறாண்டு அனுபவம் உள்ள ரப்பர்-பருத்தித் துணியை விட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை.

கடைசிச் சோதனை துருத்தியிலேயே செய்வது. ஒரே ஒரு சிறு துருத்திக்குத் துணி ஒட்டிக் காயவிடுங்கள். காற்றுத் துளை திறந்திருக்கும்போது அசையும் பலகையைத் தூக்கி விட்டால், தன் எடையிலேயே தடங்கலின்றி மடிந்து விழ வேண்டும். மடிந்த நிலையில் துளையை விரலால் அடைத்துவிட்டுப் பலகையைத் திறக்கப் பாருங்கள். கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், 'உஸ்' சத்தம் வரக்கூடாது. முதல் சோதனையில் தோற்றால் துணி விறைப்பு. இரண்டாவதில் தோற்றால் துணியிலோ மூலை ஒட்டிலோ கசிவு.

பவுச் தோல்: இங்கே அவசரப்படாதீர்கள்

பியானோவில் விலை குறைவாகவும் பொறுப்பு அதிகமாகவும் உள்ள பாகம் இதுதான். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன், மூன்று நான்கு சென்டிமீட்டர் விட்டம். மெல்லிய குழாய் வழியாக வரும் துளிக் காற்றுக்கு உடனே எழும்ப வேண்டும், அடங்க வேண்டும், அதுவும் நொடிக்குப் பலமுறை. அதற்கு இரண்டு குணங்கள் வேண்டும்: காற்றை விடக்கூடாது, துவண்டும் இருக்க வேண்டும். தோலில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. அடர்த்தியான தோல் காற்றை விடாது, ஆனால் விறைக்கும். துவளும் தோல் கசியும். இரண்டும் சேர்ந்து அமைந்த தோலைத் தேடிப் பிடிப்பதுதான் பவுச் வாங்குவதில் உள்ள திறமை.

கசியும் பவுச் என்ன செய்யும்? அது இரண்டாவது பிளீட் துளை போல நடந்துகொள்ளும். சட்டத்திலிருந்து வரும் காற்று பவுச்சைத் தூக்குவதற்குள் தோல் வழியாகவே மேலே நழுவிவிடும். சுரம் தாமதமாக விழும், வேகமாகத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டிய இடத்தில் ஒன்றிரண்டு அடி காணாமல் போகும். இதைப் பார்த்துவிட்டுப் பிளீட் அளவு சரியில்லை என்று துளையை மாற்றப் புறப்படுகிறவர்கள் உண்டு. பிளீட்டைத் தொடுவதற்கு முன் தோலைச் சோதியுங்கள்.

வந்த தோலை முழுசாக விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சில இடங்கள் பளிச்சென்று, சில இடங்கள் இருட்டாகத் தெரியும். முதுகுப் பகுதி சீராக இருக்கும். வயிற்றுப் பக்கமும் கால் இடுக்குப் பகுதியும் தளர்ந்து, இழுத்தால் ஒரு பக்கமாக நீளும். இரண்டு கையாலும் குறுக்கும் நெடுக்கும் இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் அதிகம் நீளும் இடத்தில் வெட்டிய பவுச் நேராக எழும்பாது, சாய்ந்து எழும்பி வால்வைக் கோணலாகத் தள்ளும். அதனால் ஒரு தோலில் பாதிதான் உங்களுக்குப் பயன்படும் என்று கணக்குப் போட்டு வாங்குங்கள்.

பிறகு ஒரு வட்டம் வெட்டி ஆள்காட்டி விரல் நுனியில் வையுங்கள். விளிம்பு எல்லாப் பக்கமும் தானாகத் தொங்க வேண்டும். தட்டையாக நின்றால் விறைப்பு அதிகம். காதருகே வைத்துக் கசக்கினால் சத்தமே வரக்கூடாது. காகிதம் கசங்கும் 'சரசர' கேட்டால் அந்தத் தோல் காய்ந்திருக்கிறது, அல்லது மேலே பூச்சு ஏறியிருக்கிறது. இதையெல்லாம் தாண்டிய தோல்தான் சோதனைக் கட்டைக்குப் போக வேண்டும்.

தோல் எப்படிப் பதனிடப்பட்டது என்று கேளுங்கள். பட்டை, கடுக்காய் போன்ற தாவரச் சாற்றில் பதனிட்ட தோல், நகரக் காற்றின் கந்தக அமிலத்தால் காலப்போக்கில் செந்தூளாக உதிரும். பழைய நூல்களின் தோல் அட்டையைத் தொட்டால் கையில் ஒட்டும் சிவப்புத் தூள் அந்த நோய்தான். குரோம் பதனிட்ட தோல் இதை நன்றாகத் தாங்கும். பவுச்சுக்கு நான் குரோம் பதனிட்ட தோலையே தேர்வு செய்வேன்.

வெட்டி, பூச்சும் போட்டு, 88 எண்ணிக்கையில் பொட்டலமாக விற்பதும் உண்டு. புதியவர்களுக்கு வசதிதான். ஆனால் கசிவை அடைக்கப் போடும் ரப்பர் கரைசல் மிக மெல்லியதாக, நடுப்பகுதியில் மட்டும் இருக்க வேண்டும். விளிம்பு வரை பூசியிருந்தால் பவுச் மடங்க வேண்டிய வளையம் விறைத்துவிடும். பொட்டலத்தின் மேலே இருப்பதை மட்டும் பார்க்காமல் நடுவிலிருந்து பத்துப் பவுச்சை உருவித் தடிமன் அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தால், பியானோ வாசிக்கும்போது பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் வேறு வேறு பலத்தில் ஒலிக்கும்.

டியோ-ஆர்ட், ஆம்பிகோ, வெல்டே-மிக்னான் போன்ற, கலைஞரின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து வாசிக்கும் பியானோ உங்களிடம் இருந்தால் இந்தச் சோதனைகளை இன்னும் கறாராகச் செய்யுங்கள். மிகக் குறைந்த உறிஞ்சலில் நுணுக்கமாக வேலை செய்யும் கருவிகள் அவை. முதல் பியானோவாக அவற்றைக் கையில் எடுக்காமல் இருப்பதே நல்லது.

வால்வுத் தோல்

வால்வின் முகத்தில் ஒட்டும் தோலுக்குத் துவள்வதைவிடச் சீரான தடிமன்தான் முக்கியம். வால்வு ஏறி இறங்கும் தூரம் பல வகைகளில் 0.8 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். மேல் முகத்திலும் கீழ் முகத்திலும் தோல் ஆளுக்கு 0.2 மில்லிமீட்டர் கூடினால் அந்தத் தூரத்தில் பாதி போய்விட்டது. சொரசொரப்பான பக்கம், வால்வு வந்து அமரும் இருக்கையைத் தொட வேண்டும், அந்த மென்மையான பஞ்சுதான் காற்றை அடைக்கிறது. விரலால் தடவிப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மொட்டையான திட்டுகள் இருந்தால் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு வெட்டுங்கள்.

குழாய்

1908-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் உற்பத்தியாளர்கள் கூடிக் காகிதச் சுருளின் அளவைப் பொதுவாக்கினார்கள். அகலம் 11¼ அங்குலம், அங்குலத்துக்கு ஒன்பது துளைகள். அதாவது ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்ததற்கு 2.8 மில்லிமீட்டர்தான். சட்டத்தின் பின்பக்கம் நிப்பிள்கள் வரிசை மாற்றி வரிசையாக நெருக்கி நிற்கும். அதனால் குழாயின் உள்விட்டம் மட்டும் பொருந்தினால் போதாது, வெளிவிட்டமும் பொருந்த வேண்டும். சுவர் தடித்த குழாய்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளி, நாளடைவில் நிப்பிளிலிருந்து கழன்றுவிடும்.

உள்விட்டம் நிப்பிளைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். செருகும்போது லேசான எதிர்ப்பு, செருகிய பின் இழுத்தால் வராத பிடிப்பு. எச்சில் தொட்டோ எண்ணெய் தடவியோதான் ஏறும் என்றால் குழாய் சின்னது, வாய் கிழியும்.

எந்தப் பொருளில் வாங்குவது? இதில் எனக்குத் தயக்கமில்லை: நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர். பழுப்பு நிற இயற்கை ரப்பர் குழாய் முதலில் அருமையாக வளையும், சில வருஷத்தில் வெடித்துப் பிசுபிசுக்கும். அதில் உள்ள கந்தகம் பித்தளை நிப்பிளையும் கறுக்க வைக்கும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் ஒளி ஊடுருவும் வினைல் குழாய் மலிவுதான், ஆனால் இறுகிப்போய் நிப்பிளைப் பிடிக்காமல் விட்டுவிடும். ஒரு குழாய் நழுவினால் அந்தச் சுரம் ஒருமுறை அடித்துவிட்டு, அழுந்தியபடியே நின்றுவிடும். நூற்றுக்கும் மேல் குழாய்கள் உள்ள இடத்தில் அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

குழாயைச் சின்ன வளைவாக வளைத்து உள்ளே ஊதிப் பாருங்கள். வளைவில் நசுங்கி அடைத்தால் வேண்டாம். வெட்டு முனையை நன்றாகப் பாருங்கள், ஓட்டை நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கச் சுவர் மெல்லியதாகவும் மறுபக்கம் தடித்தும் இருக்கும் குழாய்கள் சந்தையில் நிறைய வருகின்றன. உள்ளே வெள்ளைத் தூள் இருந்தால் அது ஒட்டாமலிருக்கப் போட்டது, காற்று அடித்துச் சுத்தம் செய்தால் போதும்.

உலோகம், பிளாஸ்டிக், அச்சடித்த பாகங்கள்

துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்கள் பல பழைய பியானோக்களில் உண்டு: வால்வுக் கூடுகள், பற்சக்கரங்கள், சுருள் பெட்டியின் தாங்கிகள். வார்ப்பில் ஈயக் கலப்பு இருந்தால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, வெடிக்கும். இன்னொரு பியானோவிலிருந்து கழற்றிய அதே பாகத்தை வாங்கினால் அதே நோயையும் சேர்த்து வாங்குகிறீர்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் மயிரிழைக் கீறல் தெரிகிறதா, நேர்விளிம்பு வைத்தால் தட்டைப் பகுதி புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றாலும் பித்தளையிலோ அலுமினியத்திலோ புதிதாகச் செய்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

முப்பரிமாண அச்சில் எடுத்த பாகங்கள் இப்போது பரவலாகிவிட்டன. கைப்பிடி, தாங்கி போன்றவற்றுக்கு அவை நல்ல தீர்வு. காற்று போகும் பாகமாக இருந்தால் அடுக்குகளுக்கு இடையே கசியும், கட்டாயம் தண்ணீர்மானி வைத்துச் சோதியுங்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகும். ஸ்பிரிங்கின் இழுப்பு எந்நேரமும் விழும் இடத்தில் அது மெல்ல மெல்ல வளைந்துவிடும். எந்தப் பிளாஸ்டிக் என்று விற்பவர் சொல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

கம்பளி வாஷர்களைப் பற்றிச் சுருக்கமாக: ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்து சாம்பல் தூளானால் உண்மையான கம்பளி, உருகி மணியாகத் திரண்டால் செயற்கை. கேஸ்கட்டுக்குத் தோல் நல்லது, தரமான கார்க்கும் சரி. பசை தடவி வரும் பஞ்சுப் பட்டை கூடவே கூடாது. ஒருமுறை அமுங்கினால் எழாது, சில வருஷத்தில் பொடியாகிவிடும்.

பசை

நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் விலங்குப் பசைதான் இந்த வேலைக்கு உரியது. வெந்நீரும் சூடும் பட்டால் இளகும். அடுத்த தலைமுறையில் இந்த பியானோவைத் திறக்கப்போகிறவர் மரத்தைச் சிதைக்காமல் துணியை எடுக்க முடியும். வெள்ளைப் பசை மரத்துக்குள் ஊறி இறுகிவிட்டால் மரத்தையே செதுக்க வேண்டியிருக்கும். சிலிகான் அதைவிட மோசம், அது பட்ட இடத்தில் பிறகு எதுவுமே ஒட்டாது.

வச்சிரத்தைப் பிடிப்பு எண்ணோடு விற்பார்கள். 192 என்ற எண்ணுள்ளது துணிக்கும் தோலுக்கும் பொருந்தும். மணிகள் ஒரே அளவில், ஒரே நிறத்தில், நாற்றமில்லாமல் இருக்க வேண்டும். இரவு குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் காலையில் எல்லா மணியும் உப்பியிருக்க வேண்டும். 60 டிகிரி அளவில் சூடாக்கி, ஒரு துளியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிரித்துப் பிரித்து ஒட்டுங்கள். ஆறும்போது மெல்லிய இழைகள் இழுபட்டால் பசை நல்லது. கொதிக்க விட்டால் எவ்வளவு நல்ல பசையும் பலமிழக்கும்.

ஆர்டர் கொடுக்கும்போது

விற்பவரிடம் நாலைந்து கேள்விகள் கேளுங்கள். துணி எப்போது தயாரானது? தடிமன் எவ்வளவு? ரப்பர் எந்த வகை? தோல் எப்படிப் பதனிட்டது, எந்த விலங்கு? மாதிரி அனுப்புவீர்களா? சரக்கை அறிந்த வியாபாரி இவற்றுக்கு உடனே பதில் சொல்வார், தன்னிடம் இருப்பதில் எது உங்களுக்குச் சரிவராது என்பதையும் சேர்த்துச் சொல்வார். எனக்கு ஒருவர் "எல்லா பியானோவுக்கும் இது பொருந்தும்" என்ற ஒரே பதிலோடு குழாய் அனுப்பினார். உள்விட்டம் முனைக்கு முனை மாறியது. அப்படிப் பொதுவாகப் பேசுகிறவரிடமிருந்து அதன் பிறகு நான் எதையும் வாங்கவில்லை.

மாதிரி தேறியதும் முழுத் தேவையையும் ஒரே தடவையாக, ஒரே சுருளிலிருந்தோ ஒரே தொகுதித் தோலிலிருந்தோ வாங்குங்கள். பாதி வேலையில் துணி தீர்ந்து, அடுத்த சுருள் கொஞ்சம் தடிமனாக வந்துவிட்டால் பாஸ் பக்கமும் டிரெபிள் பக்கமும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். கணக்குக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சொல்லுங்கள், தோலுக்கு இன்னும் அதிகமாக. மிஞ்சிய துண்டில் வாங்கிய மாதத்தையும் கடையையும் எழுதி, பியானோவின் கீழ்ப்பலகைக்குள் ஓர் உறையில் வைத்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அந்தத் துண்டை எடுத்து மடித்துப் பார்த்தால், உள்ளே ஒட்டிய துணி எப்படி இருக்கிறது என்பதை எதையும் கழற்றாமலே தெரிந்துகொள்ளலாம்.